விமானியின் வாய்ச்சொல்லுக்கு ஓர் அளவுகோல்

கல்முனைக்குடிக் கடற்கரையில் புதுத் தோணி ஒன்று முதன்முறையாக அலையைக் கடந்து சென்று மீண்டு வருகிறதென்று கொள்க. அதனைச் செய்த தச்சன் நீளமும் அகலமும் பலகையின் கனமும் அளந்தே செய்திருப்பான். ஆயினும், கரையில் நிற்போர் அவனுடைய முழக்கோலை நோக்குவதில்லை. தோணியைச் செலுத்தி வந்தவரின் முகத்தையே நோக்குவர். "சொன்னபடி கேட்கிறது" என்று அவர் சொன்னால் தோணி தேறியது. "தலை திரும்ப மாட்டேன் என்கிறது" என்று அவர் உதட்டைப் பிதுக்கினால், முழக்கோல் எவ்வளவு சாட்சி சொன்னாலும் பயனில்லை. அச்சொல்லின் பின்னால் அவருடைய தோளும் மணிக்கட்டும் உள்ளங்காலும் கண்டறிந்த செய்தி இருக்கிறது. ஆனால், அதனைக் கேட்ட தச்சன் என்ன செய்வான்? எத்தனை விரற்கடை கூட்டுவான், எத்தனை விரற்கடை குறைப்பான்?

மனிதன் ஆகாயத்தில் ஏறிய நாள் முதல் இதே இடர்ப்பாடு அங்கும் இருந்தது. விமானத்தை வரைபவர் எண்ணால் பேசினார். அதனை ஓட்டுபவர் உணர்ச்சியால் பேசினார். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காமற்போனபோது வீழ்ந்தது விமானம், மாண்டவர் விமானி. இவ்விருவர்க்கும் நடுவே ஒரு பொதுமொழி உண்டாவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1903 டிசம்பர் 17இல் பறந்த ரைட் சகோதரரின் விமானம் தானாக நிலைகொள்ளும் இயல்பற்றது. சைக்கிள் செய்து விற்றவர்கள் அவர்கள். ஏறியிருப்பவனே சமநிலையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1907 டிசம்பரில் அமெரிக்க இராணுவம் விமானம் ஒன்றை விலைக்கு வாங்க விரும்பித் தன் நிபந்தனைகளை வெளியிட்டது. இருவர் ஏறிச் செல்ல வேண்டும், மணிக்கு 40 மைல் வேகம் வேண்டும், ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் எண்ணால் எழுதப்பட்டன. ஓட்டும் இலகுவைப் பற்றியோவெனில், அறிவுள்ள ஒருவன் நியாயமான காலத்துக்குள் பழகிக்கொள்ளுமளவுக்கு விமானம் எளிமையாயிருத்தல் வேண்டும் என்று மட்டுமே கூறப்பட்டது. எவ்வளவு அறிவு, எவ்வளவு காலம் என்று கேட்டால் அதில் விடையில்லை. இன்று படிக்கையில் சிரிப்பு வரலாம். எனினும், அக்காலத்தில் அதனைவிடத் திட்டமாக எழுத எவராலும் இயன்றிருக்காது.

விமானிகளிடமே கேட்டுவிடலாமே எனின், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலாம் உலக யுத்தத்தில், 1917இல், போர்முனைக்கு வந்த சொப்வித் கெமல் என்னும் பிரித்தானிய விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் இயந்திரம் முழுவதுமே சுழன்றது. அச்சுழற்சியின் வேகத்தால் விமானம் வலப்பக்கம் மின்னலெனத் திரும்பும். கைதேர்ந்த விமானிகள் அதனைக் கொண்டாடினர். பயிற்சிக்கு வந்த இளைஞர் பலரையோ அது கொன்றது. இந்த விமானம் நல்லதா, கெட்டதா? பழகாத குதிரையை அடக்கியவனுக்கு அக்குதிரைமேல் தனியொரு பற்று உண்டாகிவிடும். தான் அடக்கியதைக் குறைகூறுவது தன் திறமையைத் தானே குறைத்துக்கொள்வது போலவும் அவனுக்குத் தோன்றும். ஆகவே, விமானியின் புகழ்ச்சியில் விமானத்தின் குணம் எவ்வளவு, விமானியின் பெருமிதம் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

அமெரிக்காவின் லாங்லி ஆராய்ச்சிக்கூடத்தில் 1919ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் வார்னர் என்பார் பறக்கும் விமானத்தில் கருவிகளைப் பொருத்தி அளக்கத் தொடங்கினார். பின்னர், 1935இல், டக்ளஸ் கம்பனி பெரிய பயணிகள் விமானம் ஒன்றைத் திட்டமிட்டபோது, அது ஓட்டுவதற்கு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்று எழுதித் தரும் பொறுப்பு அவரிடம் வந்தது. விமானிகளையும் பொறியியலாளரையும் கலந்து அவர் நிபந்தனைகளை எழுதினார். அவற்றுள் ஒன்று சுவையானது. பறக்கும் விமானம் சிலவேளை மெல்ல மூக்குயர்த்தி ஏறும், வேகம் குறைந்ததும் மெல்ல மூக்குத் தாழ்த்தி இறங்கும், மீண்டும் ஏறும். ஆழ்கடலின் நெடிய அலைமீது மிதக்கும் தோணியைப் போன்றதே அந்த அசைவு. கணித நூல்கள் இதனை விரிவாக ஆராய்ந்திருந்தன. ஆகவே, இவ்வசைவு விரைவில் ஓய்ந்துவிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது.

லாங்லியில் ஹார்ட்லி சூலே என்பவர் இந்நிபந்தனைகளை உண்மையான விமானங்களில் பரீட்சித்தார். நெடிய அசைவு ஓய்கிறதா, ஓயவில்லையா என்பதற்கும், விமானம் நல்லதென்று விமானிகள் சொல்வதற்கும் யாதொரு தொடர்பும் காணப்படவில்லை. அசைவு அத்துணை மெதுவானது. ஆதலால் விமானியின் கை அதனை நினையாமலே திருத்திவிடும். கணிதம் பெரிதாகக் கண்டதை விமானியின் கை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை! எதனை அளக்கலாம் என்பதைக் கருவி சொல்லும். எதனை அளக்க வேண்டும் என்பதை விமானியிடமே கேட்டறிதல் வேண்டும். இதனை உணர்ந்த பின்னரே ஆராய்ச்சி நேர்வழிப்பட்டது.

சூலேயின் பணியைத் தொடர்ந்த றொபர்ட் கில்றத், பல வகை விமானங்களை ஆராய்ந்து 1941இல் ஓர் அறிக்கை எழுதினார். அது 1943இல் அச்சாகியது. விமானத்தைச் சடுதியாக மேல்நோக்கி வளைக்கையில் விமானி தன் பிடிதண்டை எவ்வளவு பலத்துடன் இழுக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்ட அளவுகளுள் தலையாயது. பிடி மிக இலேசாயிருப்பின், பதற்றத்தில் இழுக்கும் ஒருவன் இறக்கையையே முறித்துவிடக்கூடும். மிகக் கனமாயிருப்பின், அரைமணி நேரத்தில் கை சோர்ந்துவிடும். "கைக்குக் கனம்" என்று விமானிகள் முணுமுணுத்து வந்த ஒன்று இவ்வாறு இறாத்தற் கணக்கில் ஏறியது. இந்தக் கில்றத்தே பிற்காலத்தில் அமெரிக்கரைச் சந்திரனுக்கு அனுப்பிய ஹியூஸ்டன் நிலையத்தின் தலைவராக விளங்கியவர்.

இந்த ஏடுகள் அங்கே எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேதான் யுத்தம் இலங்கையின் கீழ்கரையை எட்டிப் பார்த்தது. 1942 ஏப்பிரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. கல்முனைக்குடிக்கு வடக்கே, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில், ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அதே 9ஆந் தேதி குண்டுவீச்சால் மூழ்கியது. தன்னைக் காத்துக்கொள்ள அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அக்கப்பல் இன்றும் அக்கடலின் அடியிலேயே கிடக்கிறது. கொழும்பின்மேலும் திருகோணமலைமேலும் எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்கள் யப்பானியரின் சீரோ விமானத்தின் வளைவுக்கு ஈடுகொடுக்கமாட்டாது திணறின. சீரோவை வெல்லவே இயலாது என்ற அச்சம் கீழ்த்திசையெங்கும் பரவியது.

அந்த அச்சத்தைப் போக்கியது, கைப்பற்றப்பட்ட ஒரு சீரோவில் ஏறிய சோதனை விமானியின் வாய்ச்சொல்லே. 1942 யூன் மாதத்தில், றியூஜோ என்னும் கப்பலிலிருந்து புறப்பட்ட சீரோ ஒன்று அலாஸ்காவை அடுத்த அக்குட்டான் தீவின் சதுப்பில் தலைகீழாக வீழ்ந்தது. இரு மாதங்களுக்கு முன்னர் வங்காள விரிகுடாவில் வர்த்தகக் கப்பல்களை வேட்டையாடி, இந்தியாவின் கிழக்குக் கரையை நடுங்கச் செய்த கப்பல்தான் அந்த றியூஜோ. விமானத்தைக் கண்டெடுத்த அமெரிக்கர் சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டுச் செப்டெம்பரில் பறக்கவிட்டனர். ஓட்டிய எடி சாண்டர்ஸ் இறங்கி வந்து கூறியவை சில செய்திகளே: வேகம் மிகுந்தால் பக்கச் சாய்வுக்கான பிடி கல்லாய் இறுகிவிடுகிறது, இடப்பக்கம் சாய்வதுபோல வலப்பக்கம் எளிதிற் சாய்வதில்லை, மூக்கைச் சடுதியாகக் கீழே தள்ளினால் இயந்திரம் நின்றுபோகிறது. பசிபிக் களத்திலிருந்த விமானிகளுக்கு இது போதுமானதாயிருந்தது. வேகமாகக் கீழ்நோக்கிப் பாய், பின் வலப்பக்கம் திரும்பு என்பது அவர்களுக்கு உயிர்காக்கும் பாடமாயிற்று.

யுத்தம் முடிந்து ஜெட் விமானம் வந்தபோது கேள்விகள் பெருகின. வேகம் ஒலியை நெருங்கியது; பழைய அளவுகள் பொய்த்தன. இறக்கையின் சாய்வை மாற்றி மாற்றித் தனித்தனி விமானங்கள் செய்து பார்க்கப் பணம் போதாது. கலிபோர்ணியாவிலுள்ள ஏம்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தார் 1948இல் ஹெல்கற் என்னும் பழைய போர்விமானம் ஒன்றிற் பொறிகளை இணைத்து, அது வெவ்வேறு விமானம்போல் நடந்துகொள்ளுமாறு செய்தனர். பபலோ நகரிலிருந்த கோர்னெல் ஆராய்ச்சிக்கூடத்தாரும் இவ்வாறான வேடதாரி விமானங்களைச் செய்தனர். ஒரே விமானி, ஒரே நாளில், பல குணங்களை ஓட்டிப் பார்த்து இது மேல், இது கீழ் என்று சொல்லக்கூடியதாயிற்று.

சொல்வதற்குத்தான் ஒரு முறை இல்லை. ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு அளவுகோல். ஓரிடத்தில் "திருப்தி" என்பது மற்றோரிடத்தில் "பரவாயில்லை". ஏம்ஸ் கூடத்தின் சோதனை விமானி ஜோர்ஜ் கூப்பர், யுத்தத்தில் போர்விமானியாய் இருந்தவர். விமானியின் கருத்தை உணர்வதும் அதற்குப் பொருள் கொள்வதும் எவ்வாறு என்பதுபற்றி 1957இல் ஒரு கட்டுரை வெளியிட்டு, ஒன்று முதற் பத்து வரையிலான அளவுகோலொன்றை முன்வைத்தார். அது பயனுடையதாயிருந்தது, குழப்பமும் தந்தது. கோர்னெல் கூடத்தின் றொபர்ட் ஹார்ப்பர் அதன் குறைகளை எடுத்துக்காட்டினார். இருவரும் சண்டையிடாமல் ஒன்றுசேர்ந்து உழைத்தது விமான உலகின் நற்பேறு. பல நாட்டாரின் கருத்தையும் கேட்டுத் திருத்தித் திருத்தி, 1969 ஏப்பிரலில் அவர்கள் வெளியிட்டதே கூப்பர்–ஹார்ப்பர் அளவுகோல். இன்றளவும் உலகெங்கும் சோதனை விமானிகள் தம் தொடையிற் கட்டிய அட்டையிலே கொண்டுசெல்வது அதுதான்.

அந்த அட்டையில் எண்கள் வலப்பக்கத்தில், கடைசியில் வருகின்றன. இடப்பக்கத்தில், கீழிருந்து மேலாக, மூன்று வினாக்கள் நிற்கின்றன. விமானத்தை அடக்க முடிகிறதா என்பது முதல் வினா. இல்லையெனில் அது பத்து. மறுபேச்சில்லை, திருத்தியே ஆகவேண்டும். முடிகிறதெனில், தாங்கத்தக்க உழைப்புடன் வேலையைப் போதுமான அளவு செய்து முடிக்க இயலுகிறதா என்பது இரண்டாம் வினா. இல்லையெனில் ஏழு முதல் ஒன்பது வரை. இயலுகிறதெனில், இப்படியே விட்டுவிடலாமா, திருத்தம் வேண்டுமா என்பது மூன்றாவது. திருத்தம் விரும்பத்தக்கதெனில் நான்கு முதல் ஆறு. வேண்டாவெனில் ஒன்று முதல் மூன்று. எண் சொல்லும் வேளைக்குள் விமானி மூன்று தீர்ப்புகளை நிதானமாகச் சொல்லி முடித்திருப்பார். புகழ்வதற்கும் இகழ்வதற்கும் அங்கே இடம் குறைவு.

இதிலுள்ள நுட்பம் "உழைப்பு" என்ற சொல்லில் இருக்கிறது. இரு பெண்கள் கிணற்றடியிலிருந்து நீர்க்குடம் சுமந்து வருகின்றனர். இருவர் குடமும் தளும்பவில்லை. ஒருத்தி பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். மற்றவள் மூச்சடக்கி, அடிக்கு அடி பார்த்து வந்தாள். குடத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இருவரும் ஒன்றே. விமானமும் அவ்வாறே ஓடுபாதையின் நடுக்கோட்டிற் செவ்வையாக இறங்கியிருக்கலாம். கருவிகள் குறையொன்றும் காணாமற் போயிருக்கலாம். விமானத்தின் குறையை மறைக்க விமானி எவ்வளவு பாடுபட்டான் என்பதைக் கருவி சொல்லாது. அவன்தான் சொல்ல வேண்டும். திறமை மிகுந்த விமானி குறைகளை மிகுதியாக மறைப்பான். முன்னே கெமல் விமானத்திற் கண்ட சிக்கலுக்கு இங்கேதான் மருந்து கிடைத்தது. நீ எவ்வளவு நன்றாக ஓட்டினாய் என்று அளவுகோல் கேட்பதில்லை. நன்றாக ஓட்ட உனக்கு என்ன செலவாயிற்று என்று கேட்கிறது. தன் பாட்டைச் சொல்வதில் விமானியின் பெருமிதத்துக்கு இழுக்கில்லை.

அன்றியும், எந்த வேலையைச் செய்கையில் என்பதை முன்னரே வரையறுத்தாக வேண்டும் என்று கூப்பரும் ஹார்ப்பரும் வற்புறுத்தினர். நேர்கோட்டில் உயரப் பறக்கையில் இரண்டு பெறும் விமானம், குறுக்குக்காற்றில் இறங்குகையில் ஏழு பெறலாம். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விமானியின் விளக்கத்தை விட்டுவிடலாகாது என்பதும் அவர்கள் எச்சரிக்கை. அதைப் பலரும் மறந்தனர். கல்முனைக்குடியின் ஒழுங்கையொன்றில் வீடுகளுக்கு இலக்கமிட்டிருந்தால், மூன்றாம் வீட்டுக்கு அப்பால் நான்காம் வீடு என்று தெரியும். இடையே எத்தனை பாகம் என்று இலக்கம் சொல்லுமா? இந்த அளவுகோலின் எண்களும் அத்தகையன. மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலுள்ளது "விட்டுவிடலாம்" என்பதற்கும் "திருத்துக" என்பதற்கும் இடையிலான மதில். ஒருவர் இரண்டு என்கிறார், மற்றவர் எட்டு என்கிறார். கூட்டி வகுத்து ஐந்து என்று எழுதிவிட்டு அலுவலகத்தைப் பூட்டிச் செல்வது மிக எளிது. எட்டு என்றவர் கண்டது என்ன என்று தேடாதவன் ஒரு விபத்தை வரவேற்கிறான்.

விபத்துக்கள் வரவும் செய்தன. 1977 ஒக்டோபர் 26இல் என்டர்பிறைஸ் என்னும் விண்ணோடம் கலிபோர்ணியாவில் இயந்திரமின்றி மிதந்து இறங்கும் சோதனையில், ஓடுபாதையின் குறித்த இடத்தில் தொடவேண்டியிருந்தது. விமானி பிடியை அசைத்தார். ஓடம் சற்றுத் தாமதித்து அசைந்தது. அத்தாமதத்தைக் கண்டு அவர் மேலும் அசைக்க, ஓடம் மிகையாக அசைந்து, தொட்ட நிலத்திலிருந்து மீண்டும் துள்ளியது. நல்லவேளையாக ஒருவருக்கும் தீங்கில்லை. அதற்கு முந்திய சோதனைகளில் ஓடம் அடக்கமாகவே நடந்திருந்தது. குறித்த இடத்திற் தொடு என்ற கடின வேலை வந்தபோதே குறை தலைகாட்டியது. பொறிகளுக்குள் ஒளிந்திருந்த, விநாடியின் சிறுபகுதியேயான தாமதமே காரணம் என்று பிற்பாடு கண்டனர். இவ்வகை ஊசலாட்டத்தினாலேயே 1989 பெப்ரவரியில் சுவீடனின் கிரிப்பன் விமானமும், 1992 ஏப்பிரலில் அமெரிக்காவின் வை.எப்.22 விமானமும் ஓடுபாதையில் மோதிச் சிதைந்தன. இலகுவான வேலையைக் கொடுத்துவிட்டு நல்ல எண் வாங்கிக்கொள்வதிற் பொருளில்லை என்பதைச் சோதனைக்கூடங்கள் இவ்வாறு கற்றன.

இந்தக் கலை தென்னாட்டுக்கு வந்த வரலாறு பெங்களூரில் தொடங்குகிறது. ஜெர்மானியரான கூர்ட் டாங்க் 1956இல் அங்கு வந்து மாருத் என்னும் போர்விமானத்தை வரைந்தார். இயந்திரம் பூட்டிய விமானம் செய்யுமுன்பே, அதே உருவத்தில், முழு அளவில், மரத்தாலான மிதவை விமானமொன்று செய்யப்பட்டது. 1959இல் டக்கோட்டா விமானம் அதனை இழுத்துச் சென்று உயரத்தில் விட்டுவிடும். சுரஞ்சன் தாஸ் என்னும் சோதனை விமானி அதனைக் கைக்குள் அடக்கிப் பார்த்து இறக்குவார். விமானியின் தீர்ப்பை முதலிற் பெற்றுப் பின்னர் உலோகத்தை வெட்டுவது எத்துணைப் புத்திசாலித்தனம்! 1961 யூனில் மாருத்தை முதன்முதலாக ஓட்டியவரும் அவரே. 1970 சனவரியில் அதே குலத்து விமானமொன்றில் உயிர்நீத்தவரும் அவரே. 1973இல் இந்திய விமானப் படையின் சோதனை விமானிகளுக்கெனப் பெங்களூரில் ஒரு பள்ளியும் எழுந்தது.

பின்னர் வந்த தேஜஸ் விமானத்தில் காரியம் தலைகீழாகியது. அது வேண்டுமென்றே நிலையற்றதாக வரையப்பட்ட விமானம். கணினியின் துணையின்றி அதனை எந்த மனிதக் கையாலும் நிறுத்தமுடியாது. விமானி பிடியை அசைத்தால் கணினி அதனைப் படித்து இறக்கையின் மடல்களை அசைக்கும். எவ்வளவு, எத்துணை விரைவில் என்பன கணினியில் எழுதப்பட்ட கட்டுப்பாட்டு விதிகள். ஆகவே, விமானத்தின் குணமே இப்போது எழுத்தாகிவிட்டது. விமானி "பிடிக்கவில்லை" என்று சொன்னால், அந்த எழுத்தை மாற்றலாம். தச்சனின் முழக்கோலில் இடமில்லாதிருந்த சொல்லுக்கு இங்கே ஏட்டிலேயே இடம் கிடைத்தது.

1992இல் பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் இவ்விதிகளை எழுத ஒரு குழு அமைந்தது. அதே ஆண்டில், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் தலைமையை ஏற்றவர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம். இராமேசுவரத்தில் யாத்திரிகரைப் படகில் ஏற்றிச் சென்றவரின் மகன் அவர். இளமையில் விமானியாக விரும்பி டேராடூன் தேர்வுக்குச் சென்று, எண்மர் தெரிவாக, ஒன்பதாமவராக நின்று ஏமாந்து திரும்பியவர். (அந்த ஆசை வெகுகாலத்துக்குப் பின், 2006 யூன் 8இல், குடியரசுத் தலைவராகச் சுக்கோய் போர்விமானமொன்றில் ஏறியபோது நிறைவேறியது.) குழுவினர் போலி விமான அறைகளில் விமானிகளை அமர்த்தி, வேலை கொடுத்து, எண்ணையும் விளக்கத்தையும் பெற்று, விதிகளைத் திருத்தி மீண்டும் அமர்த்தினர். 1996இல் அமெரிக்காவிலுள்ள வேடதாரி எப்.16 விமானமொன்றிலும் அவ்விதிகள் பரீட்சிக்கப்பட்டன. 1998 மே மாத அணுச்சோதனைகளின் பின் அமெரிக்கா தடை விதிக்க, அக்கதவு மூடியது. எஞ்சியவற்றைப் பெங்களூரிலேயே செய்து முடிக்க வேண்டியதாயிற்று. 2001 சனவரி 4இல் விங் கொமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸ் விமானத்தை முதன்முதலாக எழுப்பினார். ஆய்வகத்திலிருந்தோர் வரைந்த கோடுகளை விட, இறங்கியபின் அவர் என்ன சொல்வார் என்பதையே ஆவலுடன் எதிர்பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. 2016இல் அவ்விமானம் படையிற் சேர்ந்தது; 2018 முதல் அதன் முதற்படையணி கோயம்புத்தூரை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்டது.

விமானிக்குக் கொடுக்கப்படும் வேலைகளுள் மிகக் கொடியது கப்பலில் இறங்குவது. தளம் குறுகியது, அதுவும் அலையோடு ஏறி இறங்குவது. கடற்படைக்கென மாற்றியமைத்த தேஜஸ் விமானத்தை, 2014 டிசம்பரில் கோவாவிலுள்ள கரையோரச் சரிவு மேடையிலிருந்து கொமடோர் ஜயதீப் மாவ்லங்கர் எழுப்பினார். மேடையின் விளிம்பில், விமானியின் கைக்கு வேலை மிகும் அந்தச் சில விநாடிகளில், மூக்கை உயர்த்தும் பொறுப்பு முழுவதையும் கட்டுப்பாட்டு விதியே ஏற்றுக்கொள்ளுமாறு எழுதியிருந்தனர். 2020 சனவரி 11இல் விக்கிரமாதித்தியா என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் அவ்விமானம் முதன்முதலாக இறங்கியது. ஓட்டியவர் அதே மாவ்லங்கர்.